தொண்ணூற்றிரண்டு சதவீதம்

முதலில் டிவியை எழுப்ப வேண்டும்.
அது கண்விழித்துக் கரகரத்த பிறகுதான்
கம்ப்யூட்டரின் பொத்தானைத் தொடலாம்.
முறை மாறினால்
பேச்சு முறிந்த சம்பந்தி வீட்டார் போல
அருகருகே உட்கார்ந்தும்
தெரியாத மாதிரி இருக்கும் இரண்டும்.

புதுப்பாளையம், மாடி அறை.
கெடிலத்தில் தண்ணீர் இல்லை, கொசு இருக்கிறது.
தேவனாம்பட்டினத்துக் காற்று
ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்து
ஒயரின் நாலு பின்னிலும்
உப்பை வைத்துவிட்டுப் போகிறது.
பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து
வளைந்த ஒன்றை ஊக்கால் நிமிர்த்திச்
செருகினேன்.

படம் வந்தது, நிறம் வரவில்லை.
கூறைப்புடவை கருப்பு வெள்ளையில்
உருண்டு உருண்டு மேலே போனது.
கார்டு எந்த ஊர்க் கணக்கில் அனுப்புகிறதோ.
பட்டியலில் தேடிப் 'பால்' என்று மாற்றினேன்.
அரக்கு, மஞ்சள், குங்குமம்.
பால் வெள்ளை என்று யார் சொன்னது.

கம்ப்யூட்டர் திரை ஒரு முகஸ்துதிக்காரன்,
எல்லாரையும் ஒரு படி சிவப்பாக்கிக் காட்டுவான்.
வீடுகளில் இருப்பது
இந்த இருபத்தோரு அங்குலப் பெட்டிதான்.
ஆகவே இது சொல்வதுதான் நிறம்.
எனக்கு இன்னொரு உபகாரமும் செய்யும்:
நாலு ஓரத்திலும் ஒரு விரற்கடை தின்றுவிடும்.
லைட் பிடிக்கும் பூவராகனின் முழங்கை,
ஒயரில் சுற்றிய கருப்பு டேப்,
என் அவசரம்,
எல்லாம் சட்டத்துக்குப் பின்னால்.
பதினோரு வருஷமாய்
அந்த விரற்கடையை நம்பித்தான் தொழில்.

ஆறு மணிக்கு அஞ்சலாட்சி வந்தார்,
மாப்பிள்ளையின் அக்கா.
நெல்லிக்குப்பம் பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்களைச்
சேருக்கடியில் நீட்டிக்கொண்டார்.

திருவந்திபுரம். ஒரே முகூர்த்தத்தில்
மலைப்படியெங்கும் கல்யாணம்.
எந்த மேளம் எந்தத் தாலிக்கு என்று
மேளக்காரர்களுக்கே குழப்பம்.
கூட்டம் தள்ளியதில் என் காமிரா
வலப்பக்கம் ஒதுங்கியிருந்தது.

டிவியில் ஒரு முடிச்சு.
இரண்டு முடிச்சு.
பூ விழுகிறது, பாட்டு ஏறுகிறது.

"மூணாவது?"
"போட்டீங்கக்கா."
"எங்க?"

கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினேன்.
இடது ஓரத்தில் பாதி முகம், இரண்டு விரல்,
அட்சதை ஒட்டிய வளையல்.
குனிந்து பார்த்தார். நிமிர்ந்து டிவியைப் பார்த்தார்.
"எங்க வீட்ல அதுதான் இருக்கு தம்பி, இது இல்ல."
பிறகு, என்னிடம் இல்லாத மாதிரி,
"அவனோட ரெண்டு வருஷமா பேச்சில்ல.
அந்த முடிச்சுக்குன்னுதான் போனேன்."

நூறு என்றிருந்த இடத்தில்
தொண்ணூற்றிரண்டு அடித்தேன்.
கம்ப்யூட்டரில் கல்யாணம் சுருங்கிச்
சுற்றிலும் கருப்பு வரப்பு.
டிவியில் வரப்பு தெரியாது,
அதன் பசிக்கு அது சரியாகப் போய்விடும்.
உள்ளே வந்தார் அஞ்சலாட்சி.
தனியாக வரவில்லை.
எதிர் ஓரத்தில் பூவராகனின் முழங்கை வந்தது,
டேப் சுற்றிய ஒயர் வந்தது,
பக்கத்துக் கல்யாணத்து மாப்பிள்ளை,
யார் பெற்ற பிள்ளையோ,
மாலை நுனியால் கழுத்து வேர்வையைத்
துடைத்துக்கொண்டே வந்தான்.

"இவங்கல்லாம் பரவாயில்லையாக்கா?"
"அங்க இருந்தாங்கதான?"

டீ கிளாஸோடு வாசலில் நின்ற பூவராகன்
"அண்ணே, கொஞ்சம் பின்னால ஓட்டுங்க" என்றான்.
"என் கை."

நிறுத்தினேன்.
நிறுத்தின படம் டிவியில் சும்மா நிற்காது.
ஒற்றைக் கோடுகள் ஒரு கணம்,
இரட்டைக் கோடுகள் மறு கணம்,
நடுவில் கிடந்து நடுங்கும்.
மஞ்சள் கயிறு, இரண்டு விரல்,
போட்டதும் போடாததுமாய்
மூன்றாவது முடிச்சு.
அஞ்சலாட்சி சேரை
முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

முழுசாய் ரெண்டர் ஆக ஐந்து மணி நேரம்.
எட்டு மணிக்குக் கரண்ட் போகும்.